மோஸ்ட் வான்டட் 2005: பழைய டிவிடியைப் புது லேப்டாப்பில் ஓட வைப்பது எப்படி

போன மாதம் அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். பரணைச் சுத்தம் செய்தபோது கிடைத்தது என்று மருமகன் ஒரு டிவிடி உறையைக் கொண்டுவந்து காட்டினான். நீட் ஃபார் ஸ்பீட்: மோஸ்ட் வான்டட் என்ற கார் பந்தய கேம். நான் கல்லூரியில் படித்தபோது காசு சேர்த்து வாங்கியது, உள்ளே டிஸ்க் கீறல் இல்லாமல் இருந்தது. "இன்ஸ்டால் ஆயிடுச்சு மாமா, ஆனா டபுள் கிளிக் பண்ணா ஒண்ணுமே வரல" என்றான். செய்து காட்டினான். கர்சருக்குப் பக்கத்தில் நீல வட்டம் ஒரு சுற்று சுற்றி நின்றது. பிழைச் செய்தி வரவில்லை, திரை கறுக்கக்கூட இல்லை.

இதே இடத்தில் நிற்பவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். பழைய கேம்களை ஓட வைத்துப் பழக்கமில்லாதவர்களும் செய்துவிடலாம். ஒரு மாலைப் பொழுது போதும்.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிவிடுகிறேன். உங்கள் கணினிக்குச் சக்தி போதாமல் கேம் நிற்கவில்லை. 2005 நவம்பரில், வான்கூவரில் இருந்த இஏ பிளாக் பாக்ஸ் செய்து, எலக்ட்ரானிக் ஆர்ட்ஸ் (இஏ) நிறுவனம் வெளியிட்ட கேம் இது. அது கேட்கும் குறைந்தபட்சம் 1.4 கிகாஹெர்ட்ஸ் பிராசசர், 256 எம்பி ரேம், 32 எம்பி கிராஃபிக்ஸ் கார்டு. மருமகனின் லேப்டாப்பில் இருப்பது 16 ஜிபி ரேம், அதாவது 64 மடங்கு. சிக்கல் வேறு. விண்டோஸ் எக்ஸ்பி காலத்தில் இருந்த சில பொருள்களை இந்த கேம் இன்றும் தேடுகிறது. டிஸ்க்கைச் சரிபார்க்கும் ஒரு டிரைவர், கேம்களின் படத்தையும் ஒலியையும் கவனிக்கும் டைரக்ட்எக்ஸ் 9-இன் துணை ஃபைல்கள், 4:3 அளவுள்ள திரை, நினைத்த ஃபோல்டரில் எழுதும் உரிமை. இவை ஒவ்வொன்றையும் தேடி, இல்லாத இடத்தில் சத்தமில்லாமல் நின்றுவிடுகிறது. நாம் செய்யப்போவது அவற்றை ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுப்பதுதான்.

அதனால் வரிசை முக்கியம். ஒரு மாற்றம் செய்யுங்கள், கேமைத் திறந்து பாருங்கள், அப்புறம் அடுத்த மாற்றம். இணையத்தில் கிடைத்த எல்லா ஃபிக்ஸையும் ஒரே நேரத்தில் ஃபோல்டருக்குள் கொட்டிவிட்டு, எதனால் கெட்டது என்று தெரியாமல் தவிப்பவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். நானும் அப்படி இரண்டு இரவுகளைத் தொலைத்திருக்கிறேன்.

இன்னொரு சிறு விஷயம். ஃபைல் பெயர்களை இங்கே தமிழ் எழுத்தில் எழுதுகிறேன். உங்கள் கணினியில் அவை ஆங்கில எழுத்தில் இருக்கும், உச்சரித்துப் பார்த்தால் பிடிபட்டுவிடும்.

எந்த மோஸ்ட் வான்டட்?

இதே பெயரில் 2012-இல் இன்னொரு கேம் வந்தது. அதைச் செய்தது கிரைட்டீரியன். கேம்களை விற்கும் ஸ்டீம் தளத்தில் தேடினால் கிடைப்பது அந்த 2012 கேம்தான், அதை வாங்கிவிட்டு "பழைய கதையைக் காணோமே" என்று ஏமாறாதீர்கள். ராக்போர்ட் நகரம், ஒவ்வொருவராகத் தோற்கடிக்க வேண்டிய பிளாக்லிஸ்ட் பதினைந்து பேர், தொடக்கத்திலேயே பறிபோகும் நீலமும் வெள்ளி நிறமும் கலந்த பிஎம்டபிள்யூ எம்3 ஜிடிஆர், ரேசர் என்ற வில்லன், இவையெல்லாம் 2005-இல் உள்ளவை. அது ஸ்டீமில் இல்லை. டிஸ்க் வைத்திருப்பவர்கள் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். இல்லாதவர்கள் பழைய பொருள் விற்பவர்களிடம் தேடலாம். உறையோடு, சீரியல் எண்ணோடு இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள், இன்ஸ்டால் ஆகும்போது அந்த எண்ணைக் கேட்கும்.

"முழு கேம், சுருக்கிய ஃபைல், ஒரே கிளிக்" என்று வரும் டவுன்லோடுகளைத் தொடாதீர்கள். அது திருட்டுப் பிரதி என்பது ஒரு பக்கம். உள்ளே வேறு என்ன இருக்கிறது என்று பார்க்க வழியில்லை என்பது இன்னொரு பக்கம். "ஆன்டிவைரஸை அணைத்துவிட்டு இன்ஸ்டால் செய்யுங்கள்" என்று ஒரு வழிமுறை தொடங்கினால் அங்கேயே நிறுத்திவிடுங்கள்.

டிஸ்க்கை உள்ளே கொண்டுபோவது

இன்றைய லேப்டாப்களில் டிஸ்க் டிரைவ் கிடையாது. யுஎஸ்பியில் செருகும் வெளி டிவிடி டிரைவ் ஒன்று வேண்டும், யாரிடமாவது ஒரு நாள் கடன் வாங்கினாலே போதும். டிஸ்க் கிடைத்ததும் முதல் வேலையாக ஐஎஸ்ஓ பிரதி, அதாவது டிஸ்க் முழுவதையும் ஒரே ஃபைலாக்கிய பிரதி, ஒன்று எடுத்துவிடுங்கள். இருபது வயதான டிஸ்க், அடுத்த முறை படிக்குமா என்று சொல்ல முடியாது. விண்டோஸ் 8 முதல் ஐஎஸ்ஓ ஃபைலை டபுள் கிளிக் செய்தாலே டிஸ்க் போட்ட மாதிரி திறந்துகொள்ளும், தனி மென்பொருள் தேவையில்லை. இன்ஸ்டால் செய்ய இந்தப் பிரதி போதும். விளையாட ஏன் போதாது என்பதற்குப் பின்னால் வருகிறேன்.

இன்ஸ்டால் செய்யும்போது அது தானாகக் காட்டும் இடம் சி டிரைவில் புரோகிராம் ஃபைல்ஸ். அதை மாற்றுங்கள். எக்ஸ்பி காலத்தில் எந்த நிரலும் எங்கே வேண்டுமானாலும் எழுதலாம். விஸ்டாவுக்குப் பிறகு புரோகிராம் ஃபைல்ஸுக்குள் எழுத அட்மினிஸ்ட்ரேட்டர் அனுமதி வேண்டும். பழைய நிரல் அங்கே எழுத முயன்றால் விண்டோஸ் அதைத் தடுக்காமல், எழுதியதை மட்டும் வேறொரு மறைவான ஃபோல்டருக்குத் திருப்பிவிடுவதும் உண்டு. நீங்கள் ஒரு ஃபைலைத் திருத்துவீர்கள், கேம் இன்னொன்றைப் படித்துக்கொண்டிருக்கும். டி டிரைவில் 'கேம்ஸ்' என்று ஒரு ஃபோல்டர் உருவாக்கி அதற்குள் போட்டால் இந்தத் தலைவலியே இல்லை. மூன்று ஜிபி இடம் போதும்.

நம் ஆட்கள் கவனிக்க வேண்டிய ஒன்று இங்கே இருக்கிறது. ஃபோல்டருக்கு ஆங்கில எழுத்தில் பெயர் வையுங்கள். விண்டோஸ் பயனர் பெயரைத் தமிழில் வைத்திருந்தால் அதையும் யோசிக்க வேண்டும். அந்தக் காலத்து கேம்கள் பலவும் யூனிகோடு அறியாதவை. விண்டோஸின் பழைய எழுத்து முறைப் பட்டியலில் ரஷ்யனுக்கும் அரபிக்கும் தாய்லாந்து மொழிக்கும் இடம் உண்டு, தமிழுக்கு எப்போதுமே இருந்ததில்லை. தமிழ் விண்டோஸுக்குள் வந்ததே யூனிகோடு வழியாகத்தான். ஆகவே பாதையில் தமிழ் எழுத்து வந்தால் இப்படிப்பட்ட நிரலுக்கு அது வெறும் கேள்விக்குறிகளாகத்தான் தெரியும், ஃபோல்டரைக் கண்டுபிடிக்க முடியாது. இந்த கேம் சேவ் ஃபைலைப் பயனரின் டாக்குமென்ட்ஸ் ஃபோல்டரில் வைப்பதால், பயனர் பெயரும் பாதையில் வந்துவிடுகிறது. கேமுக்கென்று ஆங்கிலப் பெயரில் தனி விண்டோஸ் கணக்கு ஒன்று உருவாக்கிக்கொள்வது சுலபமான வழி.

பேட்ச், அப்புறம் டைரக்ட்எக்ஸ்

இஏ வெளியிட்ட 1.3 பேட்ச்சை, அதாவது கேமின் பிழைகளைத் திருத்தும் அப்டேட்டை, போட வேண்டும். பழைய பேட்ச்களைச் சேமித்து வைக்கும் தளங்களில் கிடைக்கும். இதை முதலிலேயே போட்டுவிடுங்கள். பேட்ச் நிரல் கேமின் மூல ஃபைல்களைச் சரிபார்த்துவிட்டுத்தான் மாற்றும். நீங்கள் ஏற்கெனவே ஏதாவது ஃபைலை மாற்றியிருந்தால் "சரியான பதிப்பு இல்லை" என்று நின்றுவிடும்.

அடுத்தது டைரக்ட்எக்ஸ். "என் விண்டோஸில் டைரக்ட்எக்ஸ் 12 இருக்கிறதே, 9 எதற்கு?" என்று மருமகனும் கேட்டான். நியாயமான கேள்விதான். டைரக்ட்எக்ஸ் 9-இன் அடிப்படைப் பகுதி விண்டோஸ் 11-லும் இருக்கிறது. ஆனால் அந்தக் காலத்தில் கேம் செய்தவர்கள் அதோடு சேர்த்துப் பயன்படுத்திய துணை ஃபைல்கள் தனி. டி3டிஎக்ஸ்9 என்று தொடங்கி ஒரு எண்ணோடு முடியும் டிஎல்எல் ஃபைல்கள் அவை. விண்டோஸோடு அவை வருவதில்லை. கேமைத் திறக்கும்போது "இந்த டிஎல்எல் இல்லை" என்று செய்தி வந்தால் காரணம் இதுதான்.

அந்த ஒரு டிஎல்எல்லை மட்டும் ஏதாவது தளத்திலிருந்து இறக்கிப் போட்டுக்கொள்ளத் தோன்றும். வேண்டாம். மைக்ரோசாஃப்ட் தளத்திலேயே 'டைரக்ட்எக்ஸ் எண்ட்-யூசர் ரன்டைம்ஸ், ஜூன் 2010' என்று ஒரு தொகுப்பு இருக்கிறது, நூறு எம்பிக்கும் குறைவு. அதைத் திறந்ததும் எந்த ஃபோல்டரில் பிரித்து வைக்க என்று கேட்கும். டெஸ்க்டாப்பில் புதிதாக ஒரு காலி ஃபோல்டரைக் காட்டுங்கள். நிறையச் சிறு ஃபைல்கள் வந்து விழும். அவற்றில் டிஎக்ஸ்செட்டப் என்பதைத் திறந்து ஓட்டினால்தான் உண்மையில் இன்ஸ்டால் ஆகும். பலர் பிரித்ததோடு முடிந்துவிட்டது என்று நினைத்துவிடுகிறார்கள். இதனால் டைரக்ட்எக்ஸ் 12-க்கு ஒன்றும் ஆகாது, பக்கத்தில் பழைய ஃபைல்கள் சேரும், அவ்வளவுதான்.

பூட்டு

மருமகனின் லேப்டாப்பில் நீல வட்டம் சுற்றி நின்றதற்குக் காரணம் இந்தப் படி. டிஸ்க்கைப் பிரதி எடுத்து விளையாடாமல் தடுக்க, அந்தக் காலத்து கேம்கள் பலவற்றில் சேஃப்டிஸ்க் என்ற பூட்டு இருந்தது. மேக்ரோவிஷன் செய்தது. அது விண்டோஸின் அடியாழத்தில் ஒரு டிரைவரை வைத்து, டிரைவில் இருப்பது அசல் டிஸ்க்தானா என்று பார்க்கும். ஐஎஸ்ஓ பிரதி வைத்து விளையாட முடியாததும் இதனால்தான்.

காலப்போக்கில் அந்த டிரைவரிலேயே ஓட்டை கண்டுபிடித்தார்கள். அதன் வழியாக ஒரு சாதாரண நிரல் கணினி முழுவதையும் கைப்பற்ற முடியும். 2015-இல் வந்த விண்டோஸ் 10-இல் அந்த டிரைவரை மைக்ரோசாஃப்ட் சேர்க்கவே இல்லை. அதே ஆண்டு செப்டம்பரில் வந்த அப்டேட் விஸ்டா, 7, 8 ஆகியவற்றிலும் அதை முடக்கியது. எடுத்தது சரியான முடிவு, எனக்கு அதில் சந்தேகம் இல்லை. ஆனால் கடையில் பணம் கொடுத்து வாங்கிய டிஸ்க்கைக் கையில் வைத்திருப்பவரும் அன்றோடு வெளியே நிற்க வேண்டியதாயிற்று.

அந்த டிரைவரைத் தேடிப்பிடித்து விண்டோஸ் 10 அல்லது 11-இல் போடச் சொல்லும் வழிமுறைகள் உலவுகின்றன. தயவுசெய்து செய்யாதீர்கள். அதற்காக விண்டோஸின் பாதுகாப்புச் சோதனைகளை அணைக்க வேண்டியிருக்கும். வங்கிக் கணக்கு பார்க்கும் அதே கணினியில் ஒரு கேமுக்காகக் கதவைத் திறந்து வைப்பது சரியில்லை.

இரண்டு வழிகள் மிச்சம். வீட்டில் பழைய எக்ஸ்பி கணினி இருந்தால், இணையத்தோடு இணைக்காமல், அசல் டிஸ்க்கைப் போட்டு அதிலேயே விளையாடலாம். புதுக் கணினியில்தான் வேண்டும் என்றால், பூட்டு நீக்கிய 1.3 பதிப்பு ஸ்பீட்.இஎக்ஸ்இ, அதாவது கேமைத் திறக்கும் ஃபைல், தேவை. பின்னால் அகலத் திரைக்காக நாம் போடப்போகும் வைட்ஸ்கிரீன் ஃபிக்ஸும் இந்த ஃபைலைத்தான் எதிர்பார்க்கிறது. பூட்டை நீக்குவது பற்றிய சட்டம் நாட்டுக்கு நாடு வேறுபடும். டிஸ்க் சொந்தமாக வைத்திருப்பவர்களை மனத்தில் வைத்தே சொல்கிறேன். எங்கே கிடைத்தாலும் இரண்டு சோதனைகளைச் செய்யாமல் திறக்காதீர்கள். ரைட் கிளிக் செய்து ப்ராப்பர்ட்டீஸில் அளவைப் பாருங்கள்: 5.75 எம்பி, துல்லியமாக 6,029,312 பைட் இருக்க வேண்டும். அப்புறம் ஃபைலில் வைரஸ் இருக்கிறதா என்று சோதிக்கும் வைரஸ்டோட்டல் தளத்தில் ஏற்றிப் பாருங்கள். பழைய ஸ்பீட்.இஎக்ஸ்இ ஃபைலை அழிக்காமல் வேறு பெயரில் வைத்துவிட்டு, இதை அந்த இடத்தில் வையுங்கள்.

இப்போது திறந்து பாருங்கள். எங்கள் விஷயத்தில் திரை கறுத்தது, இஏ சின்னம் வந்தது, பாட்டு அதிர்ந்தது. அக்கா அடுப்படியிலிருந்து "என்னடா சத்தம்?" என்று கேட்டாள்.

கேம் முதலில் ஒரு பெயர் கேட்கும். அதைக் கொடுத்து, சேவ் ஆகிறதா என்று பார்த்துவிட்டு வெளியே வாருங்கள். டாக்குமென்ட்ஸுக்குள் 'என்எஃப்எஸ் மோஸ்ட் வான்டட்' என்று ஒரு ஃபோல்டரும், அதற்குள் நீங்கள் கொடுத்த பெயரும் இருந்தால் நல்லது. இல்லையென்றால் விண்டோஸ் செக்யூரிட்டியில் ரான்சம்வேர் பாதுகாப்புக்குள் இருக்கும் 'கன்ட்ரோல்டு ஃபோல்டர் ஆக்ஸஸ்' இயங்குகிறதா என்று பாருங்கள். அது இயங்கினால், தெரியாத நிரல்களை டாக்குமென்ட்ஸில் எழுத விடாது. அதை அணைக்க வேண்டாம், அனுமதிப் பட்டியலில் ஸ்பீட்.இஎக்ஸ்இயைச் சேர்த்தால் போதும்.

இந்த நிலையில் கேம் ஃபோல்டர் முழுவதையும் ஒரு பிரதி எடுத்து வையுங்கள். இனிமேல் எது கெட்டாலும் திரும்ப இங்கே வந்துவிடலாம்.

முட்டைச் சக்கரம்

கேம் ஓடுகிறது, ஆனால் பார்க்க நன்றாக இல்லை. வேகமானி வட்டமாக இல்லாமல் படுத்த முட்டை மாதிரி இருக்கும். கார்கள் தட்டையாக, அகலமாகத் தெரியும். செட்டிங்ஸில் போய்ப் பார்த்தால் 1024×768, 1280×1024 என்று பழைய மானிட்டர்களின் அளவுகள்தான் இருக்கும். 4:3 படத்தை 16:9 திரையில் இழுத்து ஒட்டும்போது குறுக்கே மூன்றில் ஒரு பங்கு கூடிவிடுகிறது. சும்மா பழகிக்கொள்ளலாம் என்று சிலர் விட்டுவிடுகிறார்கள். விடாதீர்கள். வளைவுகளில் தூரத்தைக் கணிப்பதே இதனால் தப்பாகிறது, பாதி விளையாட்டு கெட்டுவிடும்.

இதற்கு ஆர்வலர்கள் செய்து இலவசமாகக் கொடுக்கும் 'வைட்ஸ்கிரீன் ஃபிக்ஸஸ் பேக்' இருக்கிறது, கிட்ஹப்பில் கிடைக்கும். அதில் இந்த கேமுக்கான ஜிப்பை மட்டும் எடுங்கள். ஜிப்பைப் பிரிக்கும் முன் ரைட் கிளிக், ப்ராப்பர்ட்டீஸ், கீழே 'அன்பிளாக்' என்று ஒரு கட்டம் இருந்தால் டிக் செய்யுங்கள். இணையத்திலிருந்து வந்த ஃபைல் என்று விண்டோஸ் ஒட்டி வைத்த முத்திரையை எடுக்கத்தான் இது. அப்புறம் உள்ளே இருப்பதை அப்படியே கேம் ஃபோல்டருக்குள் போடுங்கள். டிஇன்புட்8.டிஎல்எல் என்ற ஃபைல் ஸ்பீட்.இஎக்ஸ்இக்குப் பக்கத்திலேயே உட்கார வேண்டும். அதோடு ஸ்கிரிப்ட்ஸ் என்று ஒரு ஃபோல்டரும் வரும்.

எப்படி வேலை செய்கிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன், கோளாறு வந்தால் உதவும். டிஇன்புட்8 என்பது கீபோர்டு, ஜாய்ஸ்டிக் ஆகியவற்றைக் கவனிக்கும் விண்டோஸ் ஃபைலின் பெயர். கேம் திறக்கும்போது அதைக் கூப்பிடும். விண்டோஸ் முதலில் கேம் இருக்கும் ஃபோல்டரில் தேடும், அங்கே அதே பெயரில் நாம் வைத்தது கிடைத்துவிடும். அது ஸ்கிரிப்ட்ஸ் ஃபோல்டரில் உள்ள திருத்தங்களை ஏற்றிவிட்டு, வேலையை அசல் ஃபைலிடம் ஒப்படைக்கும். அதனால் ஃபிக்ஸ் வேலை செய்யவில்லை என்றால் பெரும்பாலும் மூன்று காரணங்கள்தான்: டிஎல்எல் தவறான ஃபோல்டரில் இருக்கிறது, ஆன்டிவைரஸ் அதைத் தூக்கிவிட்டது, அல்லது ஸ்பீட்.இஎக்ஸ்இ அளவு நான் சொன்ன எண்ணோடு ஒத்துப்போகவில்லை.

ஸ்கிரிப்ட்ஸ் ஃபோல்டரில் ஐஎன்ஐ என்று முடியும் ஃபைலை நோட்பேடில் திறங்கள். ரெஸ்எக்ஸ், ரெஸ்ஒய் இரண்டும் 0 என்று இருந்தால் உங்கள் டெஸ்க்டாப் அளவையே எடுத்துக்கொள்ளும், மாற்ற வேண்டியதில்லை. ஃபிக்ஸ்எச்யூடி, ஃபிக்ஸ்எஃப்ஓவி இரண்டும் 1 ஆக இருக்கட்டும். முதலாவது வேகமானியையும் வரைபடத்தையும் வட்டமாக்கும், இரண்டாவது பக்கவாட்டில் தெரியும் சாலையைச் சரியாக்கும். எக்ஸ்பாக்ஸ் கன்ட்ரோலர் வைத்திருப்பவர்கள் 'இம்ப்ரூவ் கேம்பேட் சப்போர்ட்' வரியை 1 ஆக்குங்கள், பட்டன்கள் சரியான இடத்தில் வந்து அமரும். 'ரைட் செட்டிங்ஸ் டு ஃபைல்' என்பதையும் 1 ஆக்கிவிடுங்கள். கேம் தன் அமைப்புகளை விண்டோஸ் ரெஜிஸ்ட்ரியில் எழுதாமல் ஒரு ஃபைலில் எழுதும், நாளை கணினி மாற்றும்போது இது பெரிய வசதி.

முழு எச்டி திரையில் முதல்முறை சரியான அளவோடு ராக்போர்ட்டைப் பார்த்தபோது எனக்கு உள்ளுக்குள் என்னவோ செய்தது. அந்த மஞ்சள் வெயில், இலையுதிர்கால மரங்கள், ஈரச் சாலையில் விழும் வெளிச்சம். பதினேழு அங்குல மானிட்டரில் மங்கலாக ஓட்டிய அதே தெருக்கள். இவ்வளவு அழகாகச் செய்திருந்தார்கள் என்று அன்று தெரியவே இல்லை.

லேப்டாப்காரர்களுக்கு

படம் திரையின் ஒரு மூலையில் பெரிதாகி, மீதி வெட்டுப்பட்டுத் தெரிந்தால் விண்டோஸ் ஸ்கேலிங்தான் காரணம். லேப்டாப்கள் எழுத்துகள் பெரிதாகத் தெரிய 125 அல்லது 150 சதவீதத்தில் அமைக்கப்பட்டிருக்கும், பழைய கேமுக்கு அது தெரியாது. ஸ்பீட்.இஎக்ஸ்இயின் ப்ராப்பர்ட்டீஸ், கம்பாட்டிபிலிட்டி, 'சேஞ்ச் ஹை டிபிஐ செட்டிங்ஸ்' என்று போய், கீழே உள்ள ஓவர்ரைடு கட்டத்தை டிக் செய்து 'அப்ளிகேஷன்' என்று வையுங்கள். பக்கத்திலேயே 'விண்டோஸ் எக்ஸ்பி மோடு' என்றும் இருக்கும். அதைக் கண்ணை மூடிக்கொண்டு டிக் செய்ய வேண்டாம், இந்த கேமுக்குத் தேவையில்லை.

இரண்டு கிராஃபிக்ஸ் இருக்கும் லேப்டாப் என்றால், செட்டிங்ஸ், சிஸ்டம், டிஸ்ப்ளே, கிராஃபிக்ஸ் என்று போய் ஸ்பீட்.இஎக்ஸ்இயைச் சேர்த்து 'ஹை பெர்ஃபார்மன்ஸ்' கொடுங்கள். கூடவே நொடிக்கு 60 பிரேம் என்று வரம்பும் வையுங்கள். என்விடியா கன்ட்ரோல் பேனலிலும் ஏஎம்டியின் மென்பொருளிலும் இதற்கு இடம் உண்டு. வரம்பு இல்லாவிட்டால் புது கிராஃபிக்ஸ் கார்டு சும்மா மெனுவில் நிற்கும்போதே நூற்றுக்கணக்கான பிரேம்களை வரைந்து தள்ளும், ஃபேன் அலறும், உங்களுக்கு ஒரு பயனும் இருக்காது.

படம் மினுக்கினால், விட்டு விட்டு ஓடினால்

இன்டெலின் ஆர்க் கார்டோ, 12-ஆம் தலைமுறை பிராசசரில் உள்ள கிராஃபிக்ஸோ வைத்திருப்பவர்கள் இந்தப் பகுதியைப் படியுங்கள். டைரக்ட்எக்ஸ் 9-ஐ நேரடியாகப் புரிந்துகொள்ளும் வேலையை இவற்றில் இன்டெல் விட்டுவிட்டது. நடுவில் ஒரு மொழிபெயர்ப்பாளர் இருந்து புதிய முறைக்கு மாற்றித் தருகிறார். பெரும்பாலும் ஓடும், சில இடங்களில் தடுமாறும்.

இந்த இடத்தில் டிஎக்ஸ்விகே என்ற திறமூல நிரல் கைகொடுக்கும். அதுவும் மொழிபெயர்ப்புதான், டைரக்ட்எக்ஸ் 9-ஐ வல்கன் என்ற இன்னொரு கிராஃபிக்ஸ் முறைக்கு மாற்றும். லினக்ஸில் விண்டோஸ் கேம்கள் ஓடுவதற்காக உருவானது, விண்டோஸிலும் வேலை செய்கிறது. தொகுப்பைப் பிரித்தால் எக்ஸ்32, எக்ஸ்64 என்று இரண்டு ஃபோல்டர்கள் வரும். உங்கள் விண்டோஸ் 64-பிட்டாக இருந்தாலும் கேம் 32-பிட், எனவே எக்ஸ்32-இல் உள்ள டி3டி9.டிஎல்எல்லை மட்டும் எடுத்து கேம் ஃபோல்டரில் வையுங்கள். மற்றதை வைத்தால் 0xசி000007பி என்ற பிழை வரும். அந்த எண்ணைப் பார்த்தாலே 64-பிட் ஃபைல் ஒன்று தவறாகக் கலந்திருக்கிறது என்று புரிந்துகொள்ளலாம். டிஎக்ஸ்விகே 2.0 முதல் வல்கன் 1.3 கேட்கும், ரொம்பப் பழைய கிராஃபிக்ஸ் உள்ளவர்கள் 1.10.3 பதிப்பை எடுங்கள். முதல் சில நிமிடங்கள் ஆங்காங்கே திக்கும், அப்புறம் சீராகிவிடும். பிடிக்கவில்லையா, அந்த ஒரு ஃபைலை அழித்தால் பழையபடி ஆகிவிடும். எல்லாம் நன்றாகவே ஓடுகிறது என்றால் இதைத் தொடவே வேண்டாம்.

லினக்ஸில், ஸ்டீம் டெக்கில் விளையாட நினைப்பவர்களுக்கு ஒரே ஒரு குறிப்பு. விண்டோஸ் நிரல்களை அங்கே ஓட்டும் வைன், புரோட்டான் இரண்டும் கேம் ஃபோல்டரில் உள்ள டிஇன்புட்8-ஐ விட்டுவிட்டுத் தன்னுடையதையே எடுத்துக்கொள்ளும். டிஎல்எல் ஓவர்ரைடில் டிஇன்புட்8-க்கு 'நேட்டிவ், பில்டின்' என்று கொடுத்தால்தான் வைட்ஸ்கிரீன் ஃபிக்ஸ் ஏறும்.

மற்ற பழைய கேம்கள்

இதே வரிசையில் வந்த அண்டர்கிரவுண்ட் 2 வைத்திருப்பவர்களுக்கும் இதே வழிதான், அதற்கும் தனி வைட்ஸ்கிரீன் ஃபிக்ஸ் உண்டு. 1990களின் கேம்கள் வேறு. 1996-இல் கணினிக்கு வந்த ரோடு ரேஷ், 1997-இன் நீட் ஃபார் ஸ்பீட் 2 ஸ்பெஷல் எடிஷன் போன்றவற்றுக்கு இந்தக் கட்டுரை போதாது. அந்தக் காலத்து கேம்கள் பலவற்றில் இன்ஸ்டால் நிரலே 16-பிட், 64-பிட் விண்டோஸ் அதைத் திறக்கவே திறக்காது. சில கேம்கள் கிராஃபிக்ஸுக்கு அந்தக் காலத்து 3டிஎஃப்எக்ஸ் கார்டுகளின் கிளைடு முறையைத் தேடும், அதற்கு டிஜிவூடூ 2 என்ற நிரல் வேண்டும். முதலில் மோஸ்ட் வான்டட்டை ஓட வைத்துக் கை பழகிய பிறகு அவற்றுக்குப் போங்கள்.

சேவ் ஃபைல்

எல்லாம் சரியாக ஓடிய பிறகு மறக்கக்கூடிய வேலை இது. பிளாக்லிஸ்ட்டில் ஆறாவது ஆள் வரை வந்திருந்த என் பழைய சேவ், விண்டோஸை மறுபடி போட்டபோது போய்விட்டது. கேம் ஃபோல்டரைப் பத்திரமாகப் பிரதி எடுத்திருந்தேன், சேவ் டாக்குமென்ட்ஸில் இருக்கிறது என்பதை நினைக்கவே இல்லை. அந்த எம்3-ஐத் திரும்பப் பெற மறுபடியும் பதினைந்திலிருந்து தொடங்கினேன். ஆகவே வாரம் ஒருமுறை டாக்குமென்ட்ஸில் உள்ள அந்த ஃபோல்டரை ஒரு பென்டிரைவில் போட்டு வையுங்கள். டாக்குமென்ட்ஸ் ஃபோல்டர் கிளவுடோடு இணைந்திருந்தால், கேம் ஓடும்போது அந்த இணைப்பைச் சற்று நிறுத்தி வைப்பதும் நல்லது. சேவ் எழுதும் அதே நொடியில் இன்னொரு நிரல் அந்த ஃபைலைப் பிடித்துக்கொண்டிருந்தால் சேவ் கெட வாய்ப்பு உண்டு.

மருமகனின் பென்டிரைவில் இப்போது நான்கு பொருள்கள் இருக்கின்றன: ஐஎஸ்ஓ பிரதி, 1.3 பேட்ச், ஃபிக்ஸ்கள் போட்டுச் சோதித்த கேம் ஃபோல்டரின் ஜிப், சேவ் ஃபோல்டர். சீரியல் எண்ணை உறையிலிருந்து போனில் படம் எடுத்து அதையும் சேர்த்து வைத்திருக்கிறான். போன வாரம் பேசியபோது பிளாக்லிஸ்ட்டில் பத்தாவது ஆளிடம் நின்றுகொண்டிருந்தான். கன்ட்ரோலரை விட கீபோர்டே வசதியாக இருக்கிறது என்கிறான்.